தேர் நாளில் ஓர் இடைவேளை

செப்டெம்பர் 9, செவ்வாய்
மரக்கறித் தொழிற்சாலையில் இன்று முழுக்கக் கோவா வெட்டு. கை இன்னும் விறைப்பு. வேலை முடிய முதலாளி ஜூலியன் கூப்பிட்டார். என் பொறுப்பில் வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பெண்கள் பதினெட்டுப் பேரும் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறார்களாம். மூன்று வருடமாக இடைவேளை கொடுக்காமலே தினமும் அரை மணிச் சம்பளத்தை வெட்டியதாக வழக்கு. “இடைவேளை கிடைத்தது என்று நீதான் சாட்சி சொல்ல வேண்டும். நேரத்தாள் எல்லாம் உன் எழுத்து” என்றார். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

செப்டெம்பர் 14, ஞாயிறு
உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். காய் ஓடும் பெல்ட் நிற்கக் கூடாது என்பது ஜூலியனின் கட்டளை. அதனால் ஒவ்வொரு திங்களும் எல்லாருடைய தாளிலும் ஏழு நாளுக்கும் 11:30–12:00 என்று இடைவேளையை முன்கூட்டியே நிரப்பிவிடுவேன். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் மட்டும் அன்றன்று எழுதுவது. ஒருத்தி லீவென்றால் அவளுடைய இடைவேளையை அன்று கோடு போட்டு அடித்துவிடுவேன். கிழமை முடிய அவரவர் கையெழுத்து. ஒருத்தியும் வாசித்ததில்லை. “அக்கா எழுதினாச் சரியாத்தான் இருக்கும்.”

அவர்களில் சுலோஜனாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். கழிப்பறைக்குள் நின்றுகொண்டு ரொட்டியை விழுங்குவாள். கண்டும், “கெதியா வா பிள்ளை” என்றுதான் சொன்னேன். அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். சீ, நானும் ஒரு மனுசியா?

ஒக்டோபர் 2
இவர் சொல்கிறார்: “வேலை போனா வீட்டுக் கடன் ஆர் கட்டுறது? வாயை மூடிக்கொண்டு இரும்.”

ஒக்டோபர் 19
கோயிலில் சுலோஜனாவைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐம்பத்து நாலு வயதில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு!

நவம்பர் 6, வியாழன்
நீதிமன்றம். கம்பனியின் சாட்சியாக வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லப் போகிறேன் — பொய்யா, உண்மையா? எனக்கே தெரியவில்லை.

என்னைக் கூப்பிடவே இல்லை. அவர்களின் வழக்கறிஞர் அம்மன் தேர்த்திருவிழாக் கிழமைத் தாள்களைக் காட்டினாராம். தேர் ஞாயிறன்று நாங்கள் எல்லாரும் லீவு. வடம் பிடித்துக்கொண்டு நின்றோம், நானும்தான். தாளில் தொடங்கிய நேரம் இல்லை, முடிந்த நேரம் இல்லை. இடைவேளை மட்டும் இருக்கிறது, பதினெட்டுப் பேருக்கும், என் எழுத்தில். நானும் லீவில் நின்றதால் அதை அடிக்க மறந்துபோனேன். நீதிபதி சிரித்துவிட்டாராம். அதோடு கம்பனி சமாதானத்துக்கு வந்துவிட்டது. வெட்டிய சம்பளம் திரும்பக் கிடைக்கும். இனி இடைவேளை முடிந்த பிறகே தாளில் எழுதவேண்டும்.

நவம்பர் 7
“சிவகௌரி அக்கா வேணுமெண்டுதான் அப்பிடி எழுதி வைச்சவா, எங்களைக் காப்பாத்த!” — பெண்கள் கேக் வெட்டி எனக்குத்தான் முதல் துண்டு ஊட்டினார்கள். தின்றேன். வாயைத் திறந்து தின்றேன்!

நவம்பர் 10, திங்கள்
இனிப் பொறுக்க ஏலாது. உடை மாற்றும் அறையில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன்: “அது என்ரை கவனப்பிழை. வேணுமெண்டு செய்யேல்லை. உள்ளுக்குக் கூப்பிட்டிருந்தா நான் பொய்தான் சொல்லியிருப்பன்.”

சுலோஜனா சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “தெரியும் அக்கா. தூணுக்குப் பின்னாலை ஒளிச்சியளே, அண்டைக்கே தெரியும்.”

நவம்பர் 17, திங்கள்
பதினொன்றரைக்குப் பெல்ட் நின்றது. எல்லாரும் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு போன கிழமைத் தாள்களைக் கையெழுத்துக்கு நீட்டினேன். சுலோஜனா கண்ணாடியை எடுத்துப் போட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அவள் வாசித்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.