தெருவில் திறக்கும் கதவு

அன்புள்ள என் சின்ன மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உன் அண்ணனின் மூத்தவன் அலுவலகத்தில் மேலாளர் ஆகிவிட்டான். தனியாகக் கண்ணாடி அறை கொடுத்திருக்கிறார்கள். இளையவள் நீச்சலில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள். அதைத் துடைப்பது என் வேலை. உன் மகள் நர்ஸ் படிப்பில் தேறியதை வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லிச் சொல்லி, இப்போது நான் வாயைத் திறந்தாலே அவள், "தெரியும் பாட்டி, அவங்க ஊசி போட்டா வலிக்கவே வலிக்காது" என்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப்பட்ட பேரப்பிள்ளைகள்!

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள், இந்த வயதில் வேறு ஊர் தேட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஆற்றங்கரை ஊரில் அவருக்கு வேலை தருகிறார்களாம், வாசல் நேரே தெருவில் திறக்கிற சின்ன வீடும் இருக்கிறதாம். இல்லாவிட்டால் நான் இருக்கும் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறாய். எது என்று என்னையே கேட்கிறாய்.

உன் அண்ணனோ, "இங்கேயே வரச் சொல்லும்மா. நம்ம கட்டடத்துலயே பன்னிரண்டாவது மாடியில வீடு காலியா இருக்கு. அவ இருந்தா உன்னையும் பார்த்துக்குவா, எங்களுக்கும் நிம்மதி" என்கிறான். எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். என் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, உறையை ஒட்டித் தபாலில் போடுவதும் அவன்தான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தனி அறை, தனி மின்விசிறி. மாத்திரையைக் கையில் வைத்து, நான் விழுங்கும் வரை நிற்பான்.

போன மாதம் குப்பைப் பையைப் போட நானே கீழே போனேன். லிஃப்டில் திரும்பும்போது ஒரு மாடி முன்னாலேயே இறங்கிவிட்டேன். இங்கே எல்லாக் கதவும் ஒரே நிறம். ஒன்று திறந்து கிடந்தது. நான்தான் சாத்தாமல் போய்விட்டேன் என்று உள்ளே போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். உன் அண்ணி இப்படி அடிப்பிடிக்க விடமாட்டாளே என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தேன். குளித்துவிட்டு வந்த அந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்து அலறினாள். நானும் விடவில்லை, "யாரும்மா நீ, என் வீட்டுல?" என்று கத்தினேன். அவள் பல் டாக்டராம். விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டே, "நாளைக்கும் வாங்கம்மா, குக்கர் பாக்கி இருக்கு" என்றாள்.

உன் அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து, எல்லாரும் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்கிறான். நல்லதுக்குத்தான். ஜன்னலில் நின்றால் தெரு தெரிகிறது, ஆனால் மனிதர்களின் உச்சந்தலைதான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் உன் அண்ணி, "அத்தை, இருக்கீங்களா?" என்று கேட்பாள். வேறு எங்கே போவேன்?

உனக்கும் ஐம்பது நெருங்குகிறது. இனி நீ போகிற ஊர்தான் உன் ஊர். என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இந்த ஊருக்கு வராதே. வந்தால் மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு என்று ஆகிவிடும். இந்த வரியில் பிழை எதுவும் இல்லை, உன் அண்ணன் திருத்த வேண்டாம்.

அந்த ஆற்றங்கரை வீட்டில் கூடம் எவ்வளவு பெரியது? ஓரமாக ஒரு கட்டில் போட்டால் நடக்க வழி இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன். அக்கம்பக்கத்தார் முகம் பார்த்துப் பேசுவார்களா?

மாப்பிள்ளையைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். கைவேலை தெரிந்தவரை எந்த ஊரும் கைவிடாது. போகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்த முகமாக இருங்கள். குடிபோனதும் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. உங்கள் முகம் எனக்கு மறக்காது, அதனால் நீங்கள் கொஞ்சம் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். வாசல் முழுசாகத் தெரிய வேண்டும். கதவைத் திறந்து வைத்து எடுக்கச் சொல்.

உன் அம்மா