காட்டானின் பதினான்காம் பக்கம்

செப்டம்பர் 8, திங்கள்

சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், எங்கள் வகுப்பின் பின்சுவரில் திங்கள்தோறும் ஒட்டப்படும் ‘காட்டான்’ படக்கதையின் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்று தோன்றிய குதிரை, குதிரை அல்ல. காய்ச்சல் கண்ட ஆடு.

இதை மேசை மேல் ஏறி நின்று வாசித்தேன். வகுப்பே உருண்டது. படம் வரைந்த ஒட்டடை மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டடைக்குச்சி உயரம் இருப்பவன். நகைச்சுவை தலை வரை ஏறிப்போக நேரமாகும்.

“ஒட்டுறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றான்.

“உன்கிட்ட சொன்னா ஆடு குதிரையாயிடுமா?” என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒட்டடை இனி எனக்கு வரைய மாட்டானாம். போகட்டும். அவன் செய்ததெல்லாம் என்ன? கட்டங்களில் படம் போட்டு, பேச்சுக் குமிழ்களைக் காலியாக விட்டு நீட்டுவான். வசனம் எழுதி உயிர் கொடுப்பது நான். சூனியக்காரன் காட்டானின் கூட்டத்தைக் கொளுத்தியது, காட்டான் ஊமை வேலைக்காரனாக அவன் கோட்டைக்குள் புகுந்து பழிவாங்க நேரம் பார்ப்பது – எல்லாம் இந்த மண்டையில் உதித்தவை. நான் கட்டிய வீட்டுக்கு அவன் சுண்ணாம்பு அடித்தான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

காட்டானை நானே வரைந்தேன். தங்கை எட்டிப் பார்த்தாள்.

“யாருண்ணா இது? வாளியத் தூக்கிட்டுப் போற பெரியம்மாவா?”

அது கோடரி. பெரியம்மாவும் இல்லை. இந்த வீட்டில் ரசனை என்பது மருந்துக்கும் கிடையாது.

செப்டம்பர் 15, திங்கள்

என் கையால் வரைந்த பதின்மூன்றாம் பக்கம் சுவரேறியது. சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவனும் சிரிக்கவில்லை. காட்டான் அழும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மூடர் கூடம்.

அடுத்த வாரம் பழிவாங்கும் பக்கம். “என்னடா செய்யப் போறான்?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காட்டான் என்ன செய்வான்? வெட்டுவான். வெட்டினால் சூனியக்காரன் இரண்டாகப் பெருகுவான் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். எந்த மடையன் எழுதச் சொன்னான்? தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

வெறுங்கையோடு போனேன். சுவரில் பதினான்காம் பக்கம் இருந்தது. ஒட்டடை வரைந்தது.

சூனியக்காரனுக்கு என் முகம். என் மூக்கு, என் நெற்றிச் சுழி, ஒற்றைப் புருவத்தைத் தூக்கும் என் திமிர். சபை நடுவே எழுந்து நின்று பேசிக்கொண்டே இருக்கிறான். காட்டான் சத்தமில்லாமல் சபையோரை ஒருவர் பின் ஒருவராகத் தோளைத் தொட்டு வெளியே அனுப்புகிறான். சூனியக்காரன் கவனிக்கவில்லை, அவன் பேச்சில் அவனே மயங்கியிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் வெற்றுச் சபை. வெளியிலிருந்து கதவைத் தாழிடும் காட்டானின் கை. கோடரியைத் தொடக்கூட இல்லை. கேட்க ஒரு காது இருந்தால்தான் சூனியக்காரனின் மந்திரம் பலிக்கும். மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியதுதான்.

குமிழ்கள் எல்லாம் காலி.

“ஏன்டா வசனமே இல்ல?” என்று எவனோ கேட்டான்.

“எழுதுறவன் வந்து எழுதுவான்” என்றான் ஒட்டடை. என் பக்கம் திரும்பவில்லை.

கோழையின் பழி. முதுகில் குத்துகிற புத்தி. ஆனா... நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வயிறு எரியுது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இடைவேளையில் பேனாவோடு சுவர் முன் நின்றேன். அவன் உயரத்தைப் பற்றி மூன்று நக்கல்கள் கைவசம் இருந்தன. ஒன்றையும் எழுதவில்லை. கடைசிக் கட்டத்துக் குமிழில் மட்டும் எழுதினேன்: “வெளிய யாராச்சும் இருக்கீங்களா?”

ஒட்டடை பின்னால் வந்து நின்று படித்தான்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்டா.”

பேனாவை மூடப் போனேன். “பேனாவக் கீழ வைக்காத. மேல இன்னும் அஞ்சு குமிழ் இருக்கு” என்றான்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். காட்டான் ஊமையானது என் யோசனை இல்லை. அவனுக்குக் குமிழ் போட ஒட்டடை மறந்துவிட்டான். எழுத இடமில்லாமல் ஊமை என்று சமாளித்தேன். கூட்டம் எரிந்ததும் அப்படித்தான். அந்தப் பக்கத்தில் அவன் மையைக் கொட்டிவிட்டான். நான் புகை என்றேன். அவன் வரைந்து நீட்டும்வரை அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு வாரம்கூடத் தெரிந்ததில்லை.