பாலில் ஊறிய கருவாடு

இன்று காலை என் வீட்டு அடுப்படியில் பால் வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து அடித்தது. எட்டிப் பார்த்தேன். உன் வருஷ நினைவுப் பூசைக்காகப் பாரீஸிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருக்கும் உன் மகன், நம் உப்பளத்து உப்புப் போட்டு நான் காயவைத்த வஞ்சிரத் துண்டுகளைப் பால் குண்டானில் ஊறவிட்டிருந்தான். "நாத்தம் போயிடும் சித்தப்பா. அப்பா சொல்லிக் குடுத்தது" என்றான். செத்தும் என் அடுப்படிக்குள் வந்துவிட்டாய், சிநேகிதா.

நீ அங்கே ஓட்டல் போட்ட புதிதில், கருவாடு வறுத்ததற்கு மேல்மாடிக்காரி போலீஸைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் பால், புளிக்குப் பதிலாக க்ரீம், பேருக்கு மிளகாய்த்தூள். அதை நான் குறை சொல்லவில்லை. நானும் வெறுங்கையோடு தொடங்கிய கருவாட்டு வியாபாரிதான். தின்கிறவன் நாக்குக்குத்தான் விற்க முடியும். ஆனால் அந்த வெள்ளைக் கஞ்சிக்கு நம் ஊர்ப் பேரைச் சூட்டி 'மரக்காணம் குழம்பு' என்று வாசலில் போர்டு மாட்டினாய் பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உன் ஓட்டலைப் பார்க்க வந்த என்னை நடு ஹாலில் உட்காரவைத்து, அந்த ஊர்க்காரன் என்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்டினாய். ஒரு வாய் வைத்தேன்.

"டேய், இது குழம்பா, பாயசமா? நம்ம ஊர்ல பூனைகூட திங்காதுடா."

நீ சிரித்துக்கொண்டே அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாய். எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னடா சொன்ன?"

"எங்க அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குதுன்னு நீ சொன்னதா சொன்னேன். கொஞ்சம் சிரிடா, பாக்குறாங்க."

இப்போது அந்த ஓட்டலை நடத்தும் உன் மகன் கேட்கிறான்: "இனிமே கருவாட்டுல உப்பைப் பாதியாக் குறைச்சு அனுப்புங்க சித்தப்பா. பெரிய ஆர்டர்."

"குறைக்கிறேன். போர்டுல இருக்குற ஊர்ப் பேரை எடுத்துடு."

"அது அப்பா வெச்ச பேரு."

"அப்போ உங்கப்பன் பேரையே வெச்சுக்கோ. கருவாட்டை வேற எங்கயாவது வாங்கிக்கோ."

சாப்பிடாமலே சென்னை பஸ் ஏறிவிட்டான். என் சரக்கை அவனளவுக்கு வாங்குகிற ஆள் வேறு கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்.

"செத்தவர்கிட்ட என்னங்க சண்டை? விட்டுடுங்க" என்கிறாள் என் மனைவி. எப்படி விட? நீ இருந்திருந்தால் போனில் கத்தித் தீர்த்திருப்பேன். நீயும் திருப்பிக் கத்தியிருப்பாய். எதிரே ஆளில்லாத கோபத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயடா.