சுறா எண்ணெய் பூசிய ஜீப்

15.5.1974, புதன்

நாளை காலை மகள் ரோசலினுக்குக் கல்யாணம். கோயிலுக்கு அவளை நானே ஜீப்பில் கூட்டிப்போகிறேன். அதற்காகத்தான் இன்று சர்வீஸ். உப்பளத்திலேயே ஓடி வண்டியின் அடிப்பக்கமெல்லாம் துரு. விசைப்படகு மெக்கானிக் அந்தோணி ஆயில் மாற்றி, கிரீஸ் அடித்துக் கொடுத்தான். ஸ்டார்ட் செய்தேன். அடடா, என்ன சத்தம்! புது வண்டியேதான்! சந்தோஷத்தில் கடற்கரைச் சாலையில் இரண்டு தடவை போய்வந்தேன். பின்னாலேயே ஏழெட்டு நாய்கள் ஓடி வந்தன. அப்போதுதான் வாடை மூக்கில் ஏறியது. வண்டியை நேரே அந்தோணியிடம் திருப்பினேன்.

"ஏலே, அடியில என்னத்தலே பூசின?"

"சுறா எண்ணெய் அண்ணாச்சி. படகுக்குப் பூசுததுதான். இனி துரு அண்டாது."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. வாடகைக் காருக்குச் சொல்லிவிடுங்கள் என்று மனைவி ஒரே பிடிவாதம். எனக்கு மனசு கேட்கவில்லை. ரோசலினையே கூப்பிட்டேன். அவள் வண்டியைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம ஜீப்புலதாம்ப்பா போவேன். மாப்பிள்ளை வீட்டுல நாலு படகு நிக்கி. அவுகளுக்கு இந்த வாடை புதுசா?"

நாய்கள் இன்னும் வாசலில்தான் படுத்திருக்கின்றன. எனக்குத் தூக்கம் வரவில்லை. இறங்கிப்போய் இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன்.