சுண்டுவிரலுக்கு இடமில்லாத கேமரா

என் அன்புள்ள சரசு அக்கா,

உன் கேமராவை நான் விற்கவில்லை. நீ முதலில் கேட்கப்போவது இதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். தேனு நன்றாக இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குப் பரிசம் போட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ போன பிறகு நடந்ததையெல்லாம் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உனக்கே விளங்காது.

உனக்குத் தெரிந்த சங்கதி சிலவற்றையும் திருப்பிச் சொல்வேன். பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

தோட்டத்தில் லோரி ஓட்டிய அப்பாவின் உயரமும் கையும் அப்படியே உனக்கு வந்தன. அம்மாவின் குட்டை உடம்பும் சின்னக் கையும் எனக்கு. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் நீ கல்யாணப் படம் எடுத்தாய், நான் உன் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணவறைக்கு முன்னால் நீ நிற்கும்போது என் தலை உன் தோளுக்குத்தான் வரும். "சின்ன தம்பியா, மகனா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு. நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும்.

உன் பழைய கேமரா நினைவிருக்கிறதா? செங்கல் கனம். உன் நாலு விரலும் அதன் பிடியில் வரிசையாக உட்காரும், கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு மேடு. காலையில் கையில் எடுத்தால் பந்தி முடியும்வரை கீழே வைக்கமாட்டாய். அப்புறம் தோள் வலி வந்தது. கிள்ளான் கடைக்காரப் பையன் புது கேமராவை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்து, "இது லேடீஸுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு கா. சின்னது, லைட்டு" என்றான். உன் கையில் அது சோப்பு டப்பா மாதிரி தெரிந்தது. நான் சிரித்தேன், நீயும்தான். ஆனாலும் வாங்கினாய். தோள் அவ்வளவு வலித்தது.

முதல் கல்யாணத்திலேயே தொந்தரவு ஆரம்பித்தது. மூன்று விரல்தான் பிடியில் நின்றது. சுண்டுவிரல் கீழே காற்றில் தொங்கியது. உள்ளங்கைச் சதை பின்பக்க பட்டன்களில் பட்டு, நீ கேட்காததையெல்லாம் கேமரா செய்தது. பெட்டிதான் சின்னது, முன்னால் மாட்டிய லென்ஸ் பழைய கனத்தில்தான் இருந்தது. அது மூக்கைக் கீழே சாய்க்கும், நீ மணிக்கட்டை முறுக்கி நிமிர்த்துவாய். சாயங்காலம் கட்டைவிரலின் அடிப்பக்கம் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தாய்.

"தோள் வலி போயிடுச்சுடா," என்றாய். "கைக்கு எறங்கிடுச்சு. யாரோட கைய அளந்து இத செய்றானுங்க?"

நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உன் கையில் வைத்தேன்.

பிறகு நீயே வழி கண்டுபிடித்தாய். ஆற்றோரத்தில் மீன்பிடிப் படகு செய்யும் சீனத் தச்சரிடம் போனாய். அவர் பலகை இடுக்கில் அடைக்கும் பசை மாவை உருட்டி உன் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். உன் விரல்கள் பதிந்த அந்த அச்சைப் பார்த்துப் படகு மரத்தில் ஒரு கட்டை செதுக்கித் தந்தார். கேமராவின் அடியிலிருந்து பிடிவரை அதைத் திருகி மாட்டினாய். நாலு விரலுக்கும் நாலு குழி. சுண்டுவிரல் போய் உட்கார்ந்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டு, "ஆ... இப்பதான் என் கை," என்றாய்.

அந்த வருஷமே உனக்கு டிங்கிக் கொசுக்காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை நான் தேனுவிடம்கூடச் சொன்னதில்லை. நீ கண் திறக்காமல் கிடந்தபோது உன் வலது கை போர்வைமேல் எதையோ பிடித்தபடி வளைந்தே இருந்தது. நான் விரல்களை நிமிர்த்திவிட்டேன். மறுபடியும் வளைந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் அவ்வப்போது லேசாக அழுத்தும். மருந்து மாற்ற வந்த நர்ஸ் பிள்ளை பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, யாரையோ படம் புடிக்கிறாங்களா?" என்று கேட்டது. கேட்டுவிட்டு அதுவே திரும்பிக் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

நீ போன பிறகு, நீ ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்கள் மிச்சமிருந்தன. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமராவை எடுத்தேன். கட்டையின் குழிகளில் என் விரல்கள் போதாமல் விழுந்தன. பெரிய ஆளின் செருப்பில் கால் நுழைத்த மாதிரி இருந்தது. கட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். வெறும் கேமரா என் கைக்கு அளவாக இருந்தது. எனக்கென்றே செய்ததுபோல. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வேலை சுங்கை பஞ்சாங்கில். அறுவடை முடிந்த நேரம், மண்டபத்தைச் சுற்றி வைக்கோல் வாசனை. பட்டப்பகல், நல்ல வெளிச்சம், விளக்கே தேவைப்படவில்லை. நீ எடுப்பதுபோலவே கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் தேனு கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"மாமா, இவங்கெல்லாம் எங்க பார்க்குறாங்க?"

எட்டிப் பார்த்தேன். பொண்ணு, மாப்பிள்ளை, பொண்ணின் அம்மா, பந்தியில் உட்கார்ந்தவர்கள், யாருமே லென்ஸைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்களும் லென்ஸுக்கு ஒரு முழம் மேலே, கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லோருமே ஒரே இடத்தை. அழகாகச் சிரித்துக்கொண்டு.

"பின்னால ஃபேன் ஓடிருக்கும்லா," என்றேன்.

"ஃபேனைப் பார்த்து யாராச்சும் சிரிப்பாங்களா மாமா?"

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தலைக்கு மேலே கையைத் தூக்கி, காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள். உன் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும், அக்கா.

அடுத்தது புக்கிட் பெலிம்பிங்கில், கோயில் கல்யாணம். இந்தத் தடவை ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சொன்னேன், லென்ஸைப் பாருங்கள் என்று. பொண்ணு நல்ல பிள்ளை, டீச்சர் வேலை பார்க்கிறாள். "லென்ஸத்தான் பார்க்குறேன் அண்ணே," என்றாள். சத்தியமாக அப்படித்தான் எனக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாலையைச் சரிசெய்தபடி அலுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா நான் யார் சொல்றத கேக்குறது?"

"எந்த ரெண்டு பேரும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கன்னத்தில் பூசிய பவுடருக்கு அடியில் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணே. விடுங்க. பசி மயக்கம் போல."

அந்தப் படங்களும் அப்படியே வந்தன. பொண்ணின் அப்பா நம் படக்கடைக்கே வந்துவிட்டார். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரே பொண்ணு தம்பி. ஒரு படத்துலகூட எங்களப் பார்க்கல. யாரையோ பார்த்துச் சிரிக்கிறா," என்றார். அவர் போன பிறகு கேமராவை உறையில் போட்டுக் கட்டினேன். கிள்ளான் கடைக்கு ஃபோன் போட்டு, விற்க வேண்டும் என்று சொன்னேன். கடையை மூடிவிட்டு வேன் ஓட்டலாம் என்றிருந்தேன்.

நான் ஃபோனில் பேசியதைத் தேனு கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சுங்கை பெசாரில் ஒரு காதுகுத்து, ஒப்புக்கொண்ட கடைசி வேலை. காலையில் உறையைத் திறந்தால் கட்டை மாட்டியிருந்தது.

"நீ மாட்டுனியா?"

"ஆமா. அம்மாவுக்குக் கை வைக்க எடமில்லாம பண்ணிட்டீங்க மாமா. அப்புறம் அவங்க எங்கதான் நிப்பாங்க?"

இப்படிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். இருபத்துமூன்று வயசுப் பிள்ளை, கணக்குப் படித்தவள். வேறு யாராவது சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

கட்டையைப் பிடித்தேன். குழிகள் சூடாக இருந்தன, அக்கா. வெயில் படாத அறை, உறைக்குள் கிடந்த மரம். அப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல இருந்தது. விட்டுவிடத் தோன்றியது. ஆனால் விரல்களை விரித்து, எட்டாத குழிகளில் எட்டி எட்டி வைத்து, அந்த நாள் முழுக்க அப்படியே எடுத்தேன். காது குத்தும்போது பிள்ளை வீறிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லோருடைய கண்ணும் நேராக லென்ஸில். எனக்கு அப்படி ஒரு படம் எடுக்க வராது. அந்தப் படங்கள் நீ எடுத்த மாதிரி இருந்தன.

அதற்குப் பிறகு தொழில் பரவாயில்லை. எல்லோரும் ஃபோனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும், என் கட்டைவிரலின் அடிப்பக்கம் வீங்குகிறது. உன் கைக்குச் செதுக்கியதை என் கையால் பிடித்தால் வலிக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தேனு தைலம் தேய்ப்பாள். ஒரு நாள் தேய்த்துக்கொண்டே, "அம்மாவுக்கும் இதே எடம்," என்றாள்.

சரி, பரிசத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை தஞ்சோங் காராங்கில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அமைதியான பையன். தட்டு மாற்றினார்கள். உன் இடத்தில் நானும் என் பெண்டாட்டியும் நின்றோம். தேனு அழமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அழவில்லைதான், ஆனால் சிரிக்கவும் இல்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் படத்துக்குச் சிரித்ததே இல்லை. வாயைக் கொஞ்சம் அகட்டுவாள், அவ்வளவுதான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சேலைத் தட்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு, "மாமா, கட்டையக் கழட்டிட்டு ஒரு படம் எடுங்க," என்றாள்.

"வேணாம்மா."

"ஒண்ணுதான் மாமா. ப்ளீஸ்."

கழற்றினேன். திருகு கைநழுவிக் கீழே உருண்டது. கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம். ஜன்னல் சாத்தியிருந்தது. அவளுடைய கண் என் தலைக்கு மேலே போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. அது அருகிலேயே நின்றது. அவளுக்கும் எனக்கும் நடுவில், அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. மிகப் பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து பார்த்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி. பட்டனை அழுத்தியவன் விரலை எடுக்க மறந்துவிட்டேன். படங்கள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன.

அவற்றைக் கணினியில் நானும் அவளும் சேர்ந்துதான் பார்த்தோம். முதல் படத்தில் நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்து கண்ணை மறைக்கிறது. அடுத்ததில் அது நெற்றியை விட்டு எழும்பியிருக்கிறது. அதற்கடுத்ததில் காதுக்குப் பின்னால், ஒழுங்காக. மூன்று படத்திலும் அவளுடைய இரண்டு கையும் தட்டில்தான் இருக்கின்றன.

மூன்றாவது படத்தில் தேனு சிரிக்கிறாள். பல் தெரிய, கண் சுருங்க, சின்னப் பிள்ளையில் சிரித்த சிரிப்பு.

அவள் திரையைத் தொடவில்லை. தன் காதைத்தான் தொட்டுப் பார்த்தாள். "கை ஜில்லுனு இருந்துச்சு மாமா," என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள்.

கல்யாணம் தை மாதம், அந்தப் புக்கிட் பெலிம்பிங் கோயிலிலேயே. அன்றைக்கு விளக்கு பிடிக்க வேறு ஆள் வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வேண்டிய படங்களைக் கட்டை மாட்டியே எடுத்துக் கொடுப்பேன். தாலி ஏறும் நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். மணவறைக்கு முன்னால் என் இடப்பக்கம் யாரையும் நிற்க விடமாட்டேன், இது சத்தியம். நீ வந்து நின்றுகொள்.

உன் தோளுயரத் தம்பி,
குமரு