இருபத்து நாலாம் போர்ட்

மார்ச் 11, 2025, செவ்வாய்

கூட வேலை பார்க்கும் ஜெபிஷ் ஒரு மாசம் லீவு. அவன் பார்த்த நெட்வொர்க்குகள் எல்லாம் என் தலையில். அதில் குளச்சல் ஐஸ் பிளான்டும் உண்டு. காலையில் அந்த ஆபீஸைத் திறப்பவர் வாப்பா. கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை வீடு வேண்டாம் என்று நான் திரும்பி வந்த அன்றைக்குச் சொன்னார்: "இனி இந்தப் படி ஏறாண்டாம்." பதினொரு மாசம் ஆச்சு. ஏறவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. உம்மா மவுத்தாகி இல்லாமல் போன வீட்டில் அவர் தனி, வடசேரி அறையில் நான் தனி.

மார்ச் 14

நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழம், பாக்கெட் பால். எதிரே சுவர்.

மார்ச் 19, புதன்

அஃப்ஸானா, நீ ஒரு மடச்சி.

பிளான்டின் எல்லாக் கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேரும் பெட்டி, ஸ்விட்ச். அதில் கேபிள் செருகாமல் சும்மா கிடந்த பதினாலாம் போர்ட்டை இங்கிருந்தே மூடப்போனவள், இருபத்து நாலை மூடிவிட்டேன். பிளான்டுக்கு நெட் வரும் வழியும், நான் உள்ளே போகும் வழியும் அதுதான்! கட்டளைகளை மொத்தமாக ஒட்டியதில் கடைசி வரி 'சேவ்'. அதுவும் ஆகித் தொலைந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. இனி யாராவது அங்கே நின்று கன்சோல் போர்ட்டில் லேப்டாப்பைச் சேர்த்தால்தான் உண்டு. பில் அடிக்க முடியாமல் மீன் லாரிகள் நிற்கின்றன. மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார்; அதுவரை அங்கே வாப்பாதான்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

"நாகர்கோவில் ஆபீஸ்ல இருந்து பேசுகேன்."

ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே வாப்பாவின் குரல்: "சொல்லுங்க."

பெற்ற மகளுக்குச் 'சொல்லுங்க'!

டிராயரில் கிடந்த நீலக் கேபிளை எடுக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடினார். இரண்டு தடவை தப்பான ஓட்டையில் செருகினார். ஆபீஸ் லேப்டாப்பை அவருடைய மொபைல் நெட்டில் சேர்க்க அரை மணி நேரம். ஒரு வழியாக உள்ளே போய் இருபத்து நாலைத் திறந்தேன்.

"பச்சை எரியுதா?"

"எரியுது."

வேலை முடிந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"நோம்பா?" என்று கேட்டார்.

"ஆமா."

வைத்துவிட்டார்.

மார்ச் 20

காரணமே இல்லாமல் மூன்று தடவை அந்த ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. சனியன், ஒரு போர்ட்டாவது படுக்கக் கூடாதா?

மார்ச் 31, பெருநாள்

காலையில் புதுத்துணி உடுத்தி, கழற்றி, மடித்து வைத்தேன். யாருக்குக் காட்ட?

ஒன்பதரைக்கு வாப்பாவின் மொபைலில் இருந்து அழைப்பு.

"ஐஸ் பிளான்ட்ல இருந்து பேசுகேன். ஒரு லைட்டும் எரியல்ல. நேர்ல வந்துதான் பாக்கணும்."

லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாப் போர்ட்டும் சரியாக இருந்தன. அதற்குள் அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. ஐஸ் பிளான்டில் ஏது குக்கர்?

"எந்த லைட்டு வாப்பா?"

தொண்டையைச் செருமினார்.

"எல்லாந்தான். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்ன வந்திரு மக்கா. கறி ஆறிப்போவும்."

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். புதுத்துணிதான் உடுத்தியிருக்கிறேன். இரணியல் தாண்டியாச்சு. பையில் நீலக் கேபிள் ஒன்று இருக்கிறது. தெருவில் யாராவது கேட்டால், ஸ்விட்சைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.