தொடக் கூடாத கை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையின் வணக்கம். நீயும் மாமாவும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

என் சிகிச்சை அறைக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

சட்டம் உனக்குத் தெரியாததல்ல. நீ உரிமம் பெற்ற நர்ஸ். நான் கைகால் பிடித்துவிட்டு வலி தீர்ப்பவள். என் வேலைக்கு உரிமம் கேட்பதில்லை, ஆனால் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, இன்ன நோய் என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. 'நான் மருத்துவர் அல்ல' என்று மாடிப்படி அடியிலேயே பலகை மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேலே வந்து, "வணக்கம் டாக்டரம்மா" என்பார்கள்.

பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் தோள்வலிக்காக என்னிடம் வருவார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். போன மாதம் காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தி வெகுநாள் ஆகியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டதும், அவர் மனைவி என்னைக் கைகாட்டிவிட்டாள்.

சுகாதாரத் துறை அதிகாரி வந்து, விசாரணை முடியும்வரை சிகிச்சைக்காக யாரையும் தொடக் கூடாது என்று உத்தரவைப் படித்துக் காட்டிவிட்டுப் பூட்டினார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் பேசினார். அந்த மனிதர் பிழைக்காவிட்டால் விஷயம் போலீசுக்குப் போய்விடும் என்றார்.

அன்றிலிருந்து படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் தாழிடுகிறேன். மாத்திரை இனி வேண்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டபோது, டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் அப்போது அறையில் இருந்தது நாங்கள் இருவர்தான். அதில் ஒருவருக்கு இப்போது பேச்சு இல்லை. யோசிக்க யோசிக்க, ஒருவேளை வாய் தவறிச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது அக்கா.

போன வாரம் அவர் மனைவியே வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கதவைப் பாதிதான் திறந்தேன்.

"கையை விரிக்கவே மாட்டேங்கிறாரு. ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி குடுக்கிறவரைக் கிட்ட விடல. நீங்க பிடிச்சு விடுவீங்களே, அந்த மாதிரி செஞ்சு காட்டுறாரு. ஒரு தடவை வந்து பாருங்க" என்றாள்.

புகார் கொடுத்தவளே கூப்பிடுகிறாள். போனால் வம்பு. போகாவிட்டால் அந்தக் கை அப்படியே மடங்கிப்போகும். பார்க்க மட்டும்தான் வருவேன், தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கட்டிலருகே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பயிற்சி கொடுப்பவர் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். வேன்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, இடக்கையால் வலக்கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். கனம் தாங்காமல் அது கட்டிலுக்கு வெளியே சரிந்தது. பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு விட மனம் வரவில்லை. விரல் விரலாக நீவி விரித்துவிட்டேன். பயிற்சி கொடுப்பவர் வந்ததும், அந்தக் கையை அவர் கையில் கொடுத்தேன். வேன்காரர் தடுக்கவில்லை. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று விசாரணை. அவர் மனைவி எழுந்து நின்றாள். "இவங்க நிறுத்தச் சொல்லல. தோள்வலி விட்டதும், இனி மாத்திரை எதுக்குன்னு அவரேதான் நிறுத்தினாரு. பார்த்துக்கிட்டே சும்மா இருந்தது நான். அதைச் சொல்லப் பயந்துதான் இவங்களைச் சொல்லிட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அதிகாரி மணி என்ன என்று கேட்பதுபோலச் சாதாரணமாக, பூட்டிய பிறகு யாரையாவது தொட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடாதே என்பதுபோல வேன்காரர் மனைவி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இன்னொரு பயத்தையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை அக்கா.

"தொட்டேன்" என்றேன்.

மருந்துப் புகாரைத் தள்ளிவிட்டார்கள். உத்தரவை மீறியதற்கான முடிவு தபாலில் வருமாம். அபராதத்தோடு விடலாம், அறையை ஒரேயடியாக மூடலாம், வழக்காகவும் போகலாம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்.

படி ஏற முடியாத அம்மாவிடம், மாடி அறைக்கு வர்ணம் அடிக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல். என்ன நிறம் என்பாள். வெளிர்பச்சை என்று சொல்லு. அவள் நம்புகிற மாதிரிச் சொல்லு. முடிந்தால் நானும் நம்புகிற மாதிரி இரண்டு வரி எழுது.

உன் வார்த்தைக்காகக் காத்திருக்கும்
தங்கை